ஆணித்துளைகள் இறங்கும் வரை

சென்ற ஆண்டு மார்ச் மாதம், என் மகள் குதிரையேற்றம் பழகும் பண்ணையில் பிஸ்கட்டின் லாடங்களைக் கழற்றினார்கள். பிஸ்கட் ஒரு மட்டக்குதிரை, வயது 14. இங்கிலாந்தில் நாங்கள் குடியிருக்கும் ஊரிலிருந்து காரில் கால் மணி நேரம் போனால் அந்தப் பண்ணை. லாடம் அடிப்பவர் வளைந்திருந்த ஆணிமுனைகளை நிமிர்த்தினார், குறடால் இரும்பை நெம்பி எடுத்தார், அரத்தால் குளம்பின் விளிம்பை ராவிவிட்டார். பிஸ்கட் புல்லில் நன்றாகத்தான் நடந்தது. சரளைக்கல் பாதைக்கு வந்ததும் நின்றுவிட்டது. சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் தார்ரோட்டைக் கடக்கிறவனைப் போல ஒரு காலை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது.

“அதுக்கு வலிக்குதுப்பா. லாடத்தைத் திருப்பி அடிக்கச் சொல்லு” என்றாள் மகள்.

பண்ணைக்கார அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். குளம்பின் சுவரில் வரிசையாக இருந்த ஆணித்துளைகளைக் காட்டினார். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் வளரும். மேலே மயிர் தொடங்குமிடத்தில் இன்று முளைப்பது முன்விளிம்பில் தரையைத் தொட ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும் என்றார். பிஸ்கட் முழுசாகப் புதுக் குளம்பில் நிற்க அவ்வளவு காலம் வேண்டும். அதுவரை சரளையிலும் ரோட்டிலும் ரப்பர் பூட்ஸ் போட்டுவிடலாம்.

எனக்கும் மகளின் கட்சிதான். என் தாத்தா ஊரில் வண்டிமாட்டுக்கு லாடம் அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நான்கு கால்களையும் சேர்த்துக் கட்டி, பிளந்த குளம்பின் இரண்டு பாதிக்கும் இரண்டு தகடாக அடிப்பார்கள். லாடம் தேய்ந்த மாட்டைத் தார்ரோட்டில் ஓட்டினால் தாத்தா வண்டிக்காரரைத் திட்டுவார். லாடம் என்றால் கருணை என்றுதான் என் மனதில் பதிந்திருந்தது. அதைக் கழற்றுவதைக் கருணை என்று ஒருவர் சொன்னபோது ஒப்புக்கொள்ள முடியவில்லை. வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் தெரிந்துகொண்டது, பழைய கிரேக்கர்கள் குதிரைக்கு ஆணி வைத்து லாடம் அடித்ததில்லை என்பது. சாக்ரடீஸின் சீடரும் போர்வீரருமான செனஃபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரை வளர்ப்பைப் பற்றி ஒரு சிறிய நூல் எழுதினார். குளம்பைக் கெட்டிப்படுத்த அவர் சொல்லும் வழி: லாயத்துக்கு வெளியே நாலைந்து வண்டி உருண்டைக் கற்களைக் கொட்டு, ஒவ்வொன்றும் கைப்பிடி அளவு இருக்கட்டும், சிதறாமலிருக்கச் சுற்றிலும் இரும்பு விளிம்பு கட்டு, குதிரையை அதன்மேல் நிறுத்து. ஈ ஓட்டக் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும்போதே குளம்பு உரம் பெற்றுவிடும். அடுத்த சனிக்கிழமை பண்ணைக்குப் போனால், லாயத்தின் பின்னால் பட்டாணி அளவு கூழாங்கற்களைக் கொட்டி ஒரு சின்னப் பட்டி போட்டிருந்தார்கள். பிஸ்கட் அதில் நின்று வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. பண்ணைக்கார அம்மாள் செனஃபோனைப் படித்தவரா என்று கேட்டேன். “யார் அது?” என்றார்.

அப்படியானால் இரும்பு ஏன் வந்தது? ரோமானியர்கள் தோல்வாரால் கட்டும் உலோகக் காலணிகளை வைத்திருந்தார்கள். ஆணி அடித்த லாடம் ஐரோப்பாவில் பரவலாவது கி.பி. 1000ஐ ஒட்டித்தான். கிரேக்கத்தின் காய்ந்த நிலத்தில் இறுகும் குளம்பு, வடக்கே ஈரத்திலும் சேற்றிலும் ஊறி மெதுவாகிவிடும். அதன்மேல் கவசம் அணிந்த வீரனையும் ஏற்றிக் கல்பாவிய சாலையில் ஓட்டினால், வளர்வதைவிட வேகமாகத் தேயும். லாடத்தை யாரும் கொடுமைக்காகக் கண்டுபிடிக்கவில்லை. வேலை குளம்பை முந்திவிட்டது, அவ்வளவுதான்.

இந்த வாசிப்பு என்னைச் சுற்றிக்கொண்டுபோய் நம்மூர்க் கடற்கரையில் விட்டது. 1290களில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹொர்முஸ், ஏடன் முதலிய துறைமுகங்களிலிருந்து வந்திறங்கிய குதிரைகளைப் பற்றிச் சொல்கிறார். அரசன் ஆண்டுக்கு 2000க்கு மேல் வாங்குகிறான். சகோதரர்களும் அதே அளவு. வருட முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. எண்ணிக்கையில் பயணியின் மிகை இருக்கலாம். அவர் சொல்லும் காரணம்தான் என்னை உலுக்கியது: இங்கே லாடம் அடிப்பவர்கள் இல்லை, குதிரை விற்கும் வணிகர்கள் அப்படி ஒருவரையும் இங்கே வர விடுவதுமில்லை. குதிரை செத்தால்தானே மறுபடி விற்க முடியும்?

அந்தக் காலத்தில் லாடம் அடிப்பவரேதான் குதிரை வைத்தியரும். வணிகர்கள் கப்பலில் ஏற்றாமல் விட்டது வெறும் இரும்பையல்ல, குதிரையின் காலைத் தூக்கிப் பார்க்கத் தெரிந்த கையை. பொன்னைக் கொட்டிக்கொடுத்த பாண்டியனிடம் குதிரை இருந்தது, அந்தக் கை இல்லை.

இரும்பின் மறுபக்கத்தை அளந்து காட்டியவர் பிரேசி கிளார்க். 1791இல் தொடங்கிய லண்டன் கால்நடைக் கல்லூரியின் ஆரம்பகால மாணவர்களில் ஒருவர். லாடமே அறியாத ஓர் இளம் பெண்குதிரையின் குளம்பை அச்சு எடுத்துவைத்தார். லாடம் அடித்தபின் வருடக்கணக்கில் அதே குளம்பைத் திரும்பத் திரும்ப அச்செடுத்து ஒப்பிட்டார். குதிகால் பக்கம் குளம்பு மெல்ல ஒடுங்கிக்கொண்டே வந்தது. எடை விழும்போது குளம்பு கொஞ்சம் விரிய வேண்டும், தூக்கும்போது சுருங்க வேண்டும். ஆணி அந்த அசைவைப் பிடித்துவைக்கிறது என்பது அவர் கண்டது. தீர்வாக முன்புறம் கீல் வைத்த லாடம் ஒன்றைச் செய்தார். அது நிலைக்கவில்லை. லண்டன் தெருக்களில் வண்டி இழுத்த குதிரைகளுக்கு ஒரு வருடம் ஓய்வு கொடுக்க யாரால் முடியும்?

1980களில் ஜேமி ஜாக்சன் என்ற அமெரிக்க லாடக்காரர் நெவாடாவின் காட்டுக்குதிரைகளைப் பின்தொடர்ந்து, அவற்றின் தேய்ந்து உருண்ட குளம்பையே முன்மாதிரியாக வைத்து 1992இல் ஒரு புத்தகம் எழுதினார். வெறுங்குளம்பு என்பது ஓர் இயக்கமாயிற்று. இயக்கமென்றால் பக்தியும் வந்துவிடும். பிறகு ஆஸ்திரேலியாவில் கிறிஸ் பாலிட், பிரையன் ஹாம்ப்சன் ஆகியோர் காட்டுக்குதிரைகளை ஆராய்ந்தபோது, அவற்றின் குளம்புகளிலும் நோயும் சிதைவும் இருப்பதைக் கண்டார்கள். இயற்கையும் எல்லாக் காலையும் காப்பாற்றிவிடுவதில்லை.

இதையெல்லாம் பண்ணைக்கார அம்மாளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “புல்லைப் பத்தி ஒண்ணுமே படிக்கலியா?” என்றார். மட்டக்குதிரைக்கு வசந்தகாலப் புல்லின் சர்க்கரைதான் முதல் எதிரி. அது குளம்பையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் திசுவை வீங்கச் செய்யும், லாமினைட்டிஸ் என்பார்கள். அந்த நிலையில் லாடம் கழற்றினாலும் நோகும், அடித்தாலும் நோகும். அதனால்தான் பிஸ்கட்டுக்குப் பட்டியும் வைக்கோலும். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வந்து ராவுவார். நடக்கும்போது குதிகால் முதலில் படுகிறதா, நுனியை ஊன்றுகிறதா என்று தினமும் பார்ப்பார்கள். நுனியை ஊன்றினால் அன்று சவாரி கிடையாது. அதே பண்ணையில் தினமும் ரோட்டில் போகும் பெரிய குதிரைக்கு லாடம் இன்றும் இருக்கிறது. அதைக் கழற்றும் பேச்சே அங்கே இல்லை.

ஆணித்துளைகள் மாதாமாதம் கீழே இறங்கின. அக்டோபரில் கடைசித் துளை அரத்தில் தூளாகப் போனது. இந்த மார்ச்சில் பிஸ்கட் சரளைப் பாதைக்கு வந்தபோது மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது வேகத்தைக் குறைத்தது, தலையைத் தாழ்த்தியது, நிற்காமல் கடந்தது.

“இப்ப வலிக்கலையாப்பா?”

“தெரியலம்மா. காலைப் பாத்துக்கிட்டே இருக்கணும்” என்றேன்.

கழற்றிய லாடங்களில் ஒன்றை அவள் கேட்டு வாங்கி வந்திருந்தாள். ஊரிலிருந்து அம்மா போனில், “வாசப்படியில அடிச்சு வை, திருஷ்டி படாது” என்றாள். இன்னும் அடிக்கவில்லை. இப்போதைக்கு என் மேஜைமேல் கிடக்கிறது.