ஞமலியும் பயிற்றுமொழியும்: தென்பாண்டி வேட்டைநாய் பற்றிய ஓர் ஆய்வு

பண்டைத் தமிழர் யானையைப் பயிற்றிய முறைக்குப் பாட்டிலேயே சான்று உண்டு. முல்லைப்பாட்டில் பாசறையைக் காட்டும் நப்பூதனார், கல்வியறியா இளைஞர் வடசொற்களைப் பலகாலும் சொல்லி, கவைத்த முட்கோல் கொண்டு களிற்றைக் கவளம் உண்பிக்கும் செயலையும் உடன் காட்டுகிறார். மலைபடுகடாமும் யானையின் சினந்தணித்துக் கட்டும் பாகர் பல மொழி விரவிய சொற்களால் அதனைப் பழக்கும் ஓசையைக் குறிக்கின்றது. பயிற்றுவோன் யார், கருவி யாது, ஏவல்மொழி யாது என்னும் மூன்றும் இவற்றால் புலனாகின்றன. யானைக்கு முன்பே மனிதனோடு வாழத் தொடங்கிய நாய்க்கு இத்தகைய சான்று நேரே கிடைப்பதில்லை. வேட்டுவர் நாயைப் பயிற்றாமல் வேட்டம் போயிருத்தல் இயலாது. ஆயினும் பாடிய புலவர்க்கு அப்பயிற்சி பாடுபொருளாகத் தோன்றவில்லை. இக்குறையை, பாட்டிலும் இலக்கணத்திலும் கல்லிலும் பேச்சிலும் சிதறிக் கிடக்கும் குறிப்புகளைக் கொண்டு ஒருவாறு நிரப்ப முயல்வதே இக்கட்டுரை. இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்தின் வேட்டைநாய் மரபு இதற்கு உற்ற களமாக அமைகின்றது.

நாயைப் பற்றித் தமிழர் கொண்ட எண்ணம் இருதலைப்பட்டது என்பதை முதற்கண் கூறல் வேண்டும். நாலடியார் நட்பாராய்தல் அதிகாரத்தில், பலகாலம் பழகிய பாகனையே கொல்லும் யானையையும், தலைவன் எறிந்த வேல் தன் உடம்பில் நிற்கவும் வாலைக் குழைத்து நிற்கும் நாயையும் எதிரெதிர் நிறுத்தி, நாய் போன்றாரின் நட்பையே கொள்ளுமாறு அறிவுறுத்துகின்றது. பத்தி நூல்களிலோ 'நாயேன்' என்பது அடியார் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும் சொல்லாயிற்று. உலக வழக்கில் நாய் வாலை நிமிர்த்த முடியாது என்னும் பழமொழி, நாய்க்குக் கற்பித்தல் வீண் என்னும் கொள்கையையே நிலைநாட்டிவிட்டது. ஒரு பழமொழி ஓர் அறிவுத்துறையையே மறைத்து நின்றதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. வால் நிமிராதது உடலமைப்பு. பயிற்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இலக்கணிகள் நாயைக் கூர்ந்து நோக்கியே இருந்தனர். தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைப்பெயரைக் குருளை என வகுத்து, பன்றி, புலி, முயல் ஆகியவற்றோடு அதனைச் சேர்த்து எண்ணுகின்றது. குட்டி, பறழ் என்னும் பெயர்களும் விலக்கப்படவில்லை. பெண்பாற்குப் பிணவு, பாட்டி என்னும் பெயர்கள் உரியன. ஞமலி என்னும் சொல்லைப் பூழிநாட்டுத் திசைச்சொல்லாக உரையாசிரியர் காட்டுவர். எனினும் அது பூழிநாட்டளவில் நின்றிலது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தம் இரு பாட்டிலும் அதனை ஆள்கிறார். கபிலரும் குறிஞ்சிப்பாட்டில் ஆள்கிறார். இம்மூன்று இடங்களும் நம் ஆய்வுக்கு இன்றியமையாதன ஆதலின் சற்றே விரித்து நோக்குவோம்.

பெரும்பாணாற்றுப்படையில் எயினர் நீருண்ண வரும் பன்றியை எதிர்பார்த்து இரவில் குழியுள் ஒளிந்திருப்பர். அவ்வேட்டம் வாய்க்காதாயின், பகலில் அகன்ற வாயையுடைய ஞமலிகளோடு புதர்களை அடித்துக் கலைத்து, வேலிபோல வலைகளைத் தொடுத்து மாட்டி, முயல்களைப் போக்கிடமின்றி வளைத்துக் கொள்வர். இங்கு நாயின் தொழில் ஓடிப் பிடித்தல் அன்று. புதரினின்றும் கிளப்பி வலையை நோக்கித் துரத்துதல். தன் விருப்பின்படி ஓடும் நாய் இவ்வேட்டத்தைக் கெடுத்துவிடும். மனிதர் நிற்கும் வரிசையையும் வலை நிற்கும் திசையையும் அறிந்து நாய் தொழிற்படல் வேண்டும். பயிற்சி என்னும் சொல் பாட்டில் இல்லை. பயிற்சியின் பயன் இருக்கிறது.

குறிஞ்சிப்பாட்டில் மூங்கில் முளை போன்ற பற்களையுடைய நாய்கள் இமையாத கண்களோடு தலைவியையும் தோழியையும் வளைத்து நெருங்குகின்றன. மகளிர் அஞ்சி எழுகின்றனர். தலைவன் வந்து இனிய மொழி கூறுகிறான். நாய்கள் வளைத்தன, கடித்தில. வளைத்து நிறுத்தித் தலைவன் வரவை நோக்குதல் பழக்கப்பட்ட நாயின் இயல்பு என்று இதற்குப் பொருள் கொள்ளுதல் தகும் என்பது என் கருத்து. அதே பாட்டின் பிற்பகுதியில் இரவுக்குறியின் இடையூறுகளுள் ஒன்றாகச் சினமிக்க நாய் குரைத்தலும் கூறப்படுகின்றது. வேட்டைநாய், காவல்நாய் என்னும் இருவகையும் ஒரே பாட்டில் தனித்தனித் தொழிலோடு நிற்றல் காண்க.

மூன்றாவது இடம் பட்டினப்பாலை. புகாரின் பண்டசாலை முற்றத்தில் குவிந்த மூடைகளின்மேல், கூரிய நகமுடைய ஆண்ஞமலி ஆட்டுக்கிடாயோடு துள்ளி விளையாடுகின்றது. மலைச்சரிவில் தாவும் வருடையை அதற்குப் புலவர் உவமை ஆக்கினார். உவமையின் அழகில் ஈடுபடும் நாம் இதில் உள்ள செய்தியைக் காணாது போய்விடுகிறோம். ஆட்டைக் கண்டால் துரத்துவது நாயின் இயல்பு. ஆட்டோடு ஆடுவது உடன்வாழ்வால் வந்த பழக்கம். 1965-இல் ஸ்காட், புல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் நாயின் மரபும் கூட்டுறவு நடத்தையும் பற்றி வெளியிட்ட பெருநூலில், குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே அது யாரோடு, எதனோடு இணங்கி வாழும் என்பதை வரையறுக்கும் காலம் என நிறுவினர். அக்காலத்தில் மனிதரைக் காணாத குட்டி பின்னர் மனிதரை அஞ்சும். ஆட்டோடு வளர்ந்த குட்டி ஆட்டைத் தன் கூட்டமாகக் கொள்ளும். உருத்திரங்கண்ணனாரின் ஞமலிக்கு இவ்விளக்கம் பொருந்துகின்றது.

இனி, கல்லில் நிற்கும் சான்று ஒன்று. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள நடுகல் முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்தது. வீரன் கருந்தேவக்கத்தி பட்டதைக் கூறும் அக்கல், அவன் நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்ளர் இருவரைக் கடித்துவிட்டுக் காத்து நின்றதையும் கூறி, நாயின் உருவத்தையும் வீரன் அருகே காட்டுகின்றது. கடித்தலினும் காத்து நின்றதே பெருஞ்சிறப்பு. தலைவன் வீழ்ந்த பின்னும் இடம்விட்டுப் பெயராத நாய் அது. அதற்குப் பெயரிட்டு அழைத்தனர் என்பதும் கருதத்தக்கது. கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கிரேக்கரான செனபோன் தம் வேட்டை நூலில், நாய்க்கு எளிதில் அழைத்தற்குரிய குறும்பெயர் இடல் வேண்டும் என்றும், பெண்நாயை எட்டாம் திங்களிலும் ஆண்நாயைப் பத்தாம் திங்களிலும் வேட்டைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும் என்றும் விதி கூறுவார். மேலைச் சாளுக்கிய வேந்தன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசமும் (கி.பி. 12-ஆம் நூற்றாண்டு) சாரமேய விநோதம் என நாய்க்கு ஒரு பகுதி ஒதுக்கியுள்ளது. தமிழில் அத்தகைய நூல் இல்லை, நடுகல் இருக்கிறது.

திருவில்லிபுத்தூரின் தலவரலாறே ஒரு வேட்டையில் தொடங்குகின்றது. வில்லி, கண்டன் என்னும் வேட்டுவ உடன்பிறந்தாருள் கண்டன் புலியால் மாண்டான் என்றும், அவனைத் தேடிய வில்லியே பின்னர் அவ்வூரை அமைத்தான் என்றும் தலபுராணம் கூறும். (ஊர்ப்பெயரை நினைவூட்டும் வில்லிபுத்தூரரின் பாரதம் பத்துப் பருவத்தோடு நிற்றலின், தருமனைப் பின்தொடர்ந்து சென்ற நாய் அதில் இடம்பெறும் வாய்ப்பை இழந்தது, இஃது இடைக்குறிப்பு.) மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சேற்றூர், சிவகிரி முதலிய பாளையங்கள் அடுத்தடுத்து அமைந்த இந்நிலத்தில் வேட்டை தொழிலாகவும் தலைவரின் பெருமிதமாகவும் விளங்கிற்று. விசயநகர ஆட்சிக்காலத்திலும் அதன் பின்னும் தெலுங்கு நாட்டினின்று வந்து குடியேறியோர் இராசபாளையத்தை வளர்த்தனர்.

குடியேற்றத்தோடு கதைகளும் வந்தன. சாலிகுளத்துக் காட்டில் வேட்டைநாய்களை ஒரு முயல் எதிர்த்து விரட்டக் கண்டு, அம்மண்ணின் வீறு கருதிப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை கட்டப்பட்டது என்பது கட்டபொம்மன் மரபினர் பற்றிய வழக்கு. விசயநகரம் தோன்றிய கதையும் இதுவே. அங்கும் முயல் நாயை எதிர்க்கின்றது. ஒரு கதை இரு தலைநகரங்களுக்கு உரியதாயின் அது வரலாறாகாது. ஆயின் வரலாற்றுக்குப் பயன்படும். நாய் முயலுக்கு அஞ்சியது தெய்வக்குறியாகத் தோன்றல் வேண்டுமாயின், அந்நாய் ஒருபோதும் அஞ்சாது என்னும் நம்பிக்கை கேட்போரிடம் முன்னரே வேரூன்றியிருத்தல் வேண்டும்.

இராசபாளையம் நாய் உயர்ந்த உடலும், குறுமயிர் வெண்ணிறமும், இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. ஆங்கிலேயர் பாளையக்காரர் நாய் என்னும் பொருள்படும் பெயரால் இதனைக் குறித்தனர். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்பன இதன் அண்டை இனங்கள். 2005-இல் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நான்கு நாயினத் தலைகளுள் இராசபாளையமும் ஒன்று. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் இராசபாளையம், சிப்பிப்பாறை, முதோல் ஆகியவற்றை இனங்களாகப் பதிவு செய்துள்ளது. இதுகொண்டு சங்கப்பாட்டின் ஞமலியே இராசபாளையம் நாய் என எழுதுவோர் உளர். இக்கூற்றை ஏற்றல் அரிது. புதரைக் கலைத்து வலைக்குத் துரத்தும் நாய் வேறு. வெட்டவெளியில் கண்ணால் கண்டு பாய்ந்தோடிப் பிடிக்கும் நாய் வேறு. பெருமை கருதி இரண்டையும் ஒன்றாக்குதல், இரண்டு மரபையும் அறியவொட்டாமல் செய்யும்.

பேச்சுவழக்கில் நாயைப் பயிற்றும் சொற்கள் இன்றும் உள்ளன. 'தோ தோ' என அழைத்தலும், 'சூ' என ஏவுதலும் யாவரும் அறிந்தவை. ஏவுதலைச் சூக்காட்டுதல் என்பர். தென்பாண்டி உழவர் இளங்காளையை ஏருக்கும் வண்டிக்கும் பழக்குவதை வசக்குதல் என்பர். அடக்குதல் எனச் சொல்லாமல் வசக்குதல் எனச் சொல்லும் இவ்வழக்கில், விலங்கை அடித்துப் பணிவித்தலினும் தன் வயப்படுத்தலே பயிற்சி என்னும் கருத்துத் தங்கியுள்ளது. மேனாட்டார் இக்கருத்துக்கு வந்து சேர்ந்தது அண்மையில்தான். 1910-இல் கொன்ராடு மோசுட்டு என்னும் செருமானியர் எழுதிய பயிற்சிநூல் வலிந்து பணிவித்தலுக்குப் பெரிதும் இடம் தந்தது. 1951-இல் ஸ்கின்னர், சிறு ஒலிக்கருவி ஒன்றின் ஓசையை உணவோடு இணைத்து, விரும்பிய செயல் நிகழ்ந்த நொடியிலேயே அவ்வோசையை எழுப்பி விலங்குக்குக் கற்பிக்கும் முறையை எளிய கட்டுரையாக வெளியிட்டார். காலம் தவறாமையே இம்முறையின் உயிர். பாராட்டு சற்றுப் பிந்தினும் நாய் அதற்குள் செய்த வேறொரு செயலையே கற்றுக்கொள்ளும்.

இதனைக் கண்ணால் வேட்டையாடும் நாய்க்குப் பொருத்திப் பார்த்தல் பயனுடையது. இந்நாய்க்கு ஓட்டமே பரிசு. முயல் ஓடக் கண்டு பாய்ந்த நாயை அழைத்தால் வாராது. களைத்துத் திரும்பி வந்தபின் அதனை அடித்தால், ஓடியதற்காக அடிபட்டேன் என அது கொள்ளாது, திரும்பி வந்ததற்காக அடிபட்டேன் என்றே கொள்ளும். மறுமுறை வரவே அஞ்சும். ஓடாத பொழுதுகளில் பன்முறை அழைத்து, வந்தபோதெல்லாம் உணவும் தடவலும் கொடுத்து, அழைப்பையே இனிதாக்கிய பின்னரே காட்டில் அவிழ்த்து விடுதல் இயலும்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. திருவில்லிபுத்தூர் மலைப்பகுதி பின்னர்ச் சாம்பல்நிற அணில் சரணாலயமாகி, 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கிற்று. வேட்டை நின்றது; நிற்க வேண்டியதே. ஆனால் வேட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்ட கால்களும் கண்களும் நாயிடம் அப்படியே நின்றன. ஓடுதற்குரிய நாய் இன்று சங்கிலியில் கட்டப்பட்டுக் காவல் காக்கின்றது. முரட்டுநாய், ஒருவர்க்கே அடங்கும் நாய் என இன்று இதன்மேல் ஏற்றப்படும் பழியில் பெரும்பகுதி இனத்தின் குற்றம் அன்று. தொழிலை இழந்து, குட்டிப்பருவத்தில் அயலாரைக் காணாது, நாள்முழுதும் கட்டுண்டு கிடப்பதன் விளைவு.

மற்றொன்றும் உண்டு. வெண்ணிறத்தையே விரும்பி இனப்பெருக்கம் செய்ததன் பயனாக இவ்வினத்துக் குட்டிகள் சிலவற்றில் பிறவிச் செவிடு காணப்படுகின்றது. அழைத்தும் வாராத குட்டி அடங்காப்பிடாரி எனப் பெயர் பெற்று அடிபடுகின்றது. உண்மையில் அதற்கு அழைப்பே கேட்கவில்லை. அத்தகைய குட்டிக்குக் கைக்குறியாலும் நிலத்தைத் தட்டும் அதிர்வாலும் கற்பிக்கலாம். உறங்குகையில் கண்முன் வாராது தொட்டெழுப்புதலைத் தவிர்த்தல் வேண்டும், திடுக்கிட்டுக் கடிக்கும்.

2016-இல் முதோல் நாய்கள் மீரத்தில் உள்ள படைத்துறை மையத்திற்குப் பயிற்சிக்காக அனுப்பப்பட்டன. 2020 ஆகத்தில் தலைமையமைச்சர் தம் வானொலி உரையில் இராசபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறித்தார். இவற்றால் தென்னாட்டு நாய்க்கும் முறையான பயிற்சி தரலாம் என்னும் எண்ணம் பரவியுள்ளது. நகரப் பயிற்சிக்கூடங்களில் வழங்கும் ஏவற்சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலம். இதற்காக வருந்துவோர் முல்லைப்பாட்டை நினைத்தல் நலம். தமிழ்வேந்தன் பாசறையிலேயே களிறு வடசொல்லைத்தான் கேட்டது. விலங்குக்கு மொழிப்பற்று இல்லை. ஒலியும் அதன்பின் வரும் பயனுமே உண்டு. ஆயின் ஆய்வாளர்க்கு அவ்வொலிகள் வேண்டும்.

1972-க்கு முன் நாயோடு காட்டுக்குச் சென்ற இளைஞர் இன்று எழுபது அகவையைக் கடந்தவர். ஊர்தோறும் அத்தகையோர் இன்னும் சிலரேனும் இருப்பர். முதுகலை மாணவர் வட்டார வழக்காய்வுக்குத் தலைப்பு வேண்டுமெனக் கேட்டு வருவதை ஆண்டுதோறும் காண்கிறோம். இராசபாளையம் முதல் சேற்றூர் வரையிலும், மறுபுறம் சிப்பிப்பாறைப் பக்கத்துக் கரிசற்காட்டிலும் சென்று அவர்களை வினவுதல் வேண்டும்: குட்டியை எத்தனையாம் திங்களில் வெளியே கொண்டுசென்றனர், மூத்தநாயோடு பிணைத்து விட்டனரா, பிடித்த முயலைத் தின்னாது நிற்க எங்ஙனம் பழக்கினர், பன்றியை வளைக்கச் சொன்ன சொல் யாது, விடச் சொன்ன சொல் யாது, அச்சொல் தமிழா, தெலுங்கா, மலைபடுகடாம் யானைப்பாகர்க்குக் கூறியதுபோல இரண்டும் விரவியதா என்று.