மறைத்த மருந்தும் பகிர்ந்த கல்வியும்

சீகிரியாக் குன்றின் பாதிவழியில் கண்ணாடிச் சுவர் என்றொரு சுவர் உண்டு. காசியப்ப மன்னன் 5ஆம் நூற்றாண்டில் எழுப்பிய அச்சுவரிலே, பிற்காலத்து வழிப்போக்கர் பலர் தம் பாடல்களைக் கீறிச் சென்றனர். அவற்றுள் 685 பாடல்களைப் பேராசிரியர் பரணவிதான 1956இல் பதிப்பித்தார். யாவரும் காண எழுதிய சொல் இவ்வாறு நிலைத்தது.

இந்நாட்டுப் பரம்பரை வைத்தியரோ தம் அறிவை ஏட்டில் எழுதிப் பெட்டியில் வைத்தனர். மகனுக்கோ நம்பிய மாணாக்கனுக்கோ மட்டுமே உரைத்தனர். வாரிசற்ற வீட்டில் வைத்தியமும் மாண்டது. 1929இல் கொழும்பில் திறந்த சுதேச வைத்தியக் கல்லூரி ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றையும் வகுப்பறைக்குக் கொணர்ந்தது.

சீனத்திலும் தந்தை மகனுக்குச் சொல்லிவந்த வைத்தியத்துக்கு 1956இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு நகரங்களில் அரசுக் கல்லூரிகள் எழுந்தன. பின்னர் அயல்நாட்டாருக்கும் அக்கல்வி கிட்டியது. இலங்கை மருத்துவர் அன்டன் ஜயசூரிய 1974இல் சீனம் சென்று அக்குபங்சர் என்னும் ஊசி வைத்தியம் பயின்றார். திரும்பிவந்து களுபோவில மருத்துவமனையில் அதனைக் கற்பித்தார். பல நாட்டு மருத்துவர் அங்கே வந்து கற்றனர்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் புதியதன்று. சீகிரியா அரண்மனையாகுமுன், அதே நூற்றாண்டின் தொடக்கத்தில், சீனத் துறவி பாகியான் அநுராதபுரத்தில் ஈராண்டு தங்கி நூல்கள் பெற்றுச் சென்றார். அன்று பெற்றவர் நாடு பின்னர் கொடுத்தது.

பலர் கற்கும் மருந்தையே பலர் சோதிக்கவும் இயலும். அதன் பயனும் வெளிப்படும், பிழையும் வெளிப்படும். பெட்டிக்குள் கிடக்கும் ஏட்டுக்கோ அவ்விரண்டும் இல்லை. கறையானே அதனைப் படித்து முடிக்கும்.