அனைத்துத் தரை ஊர்தி

அனைத்துத் தரை ஊர்தி என்பது சேறு, மணல், பனி, கற்பாங்கான நிலம், புல்வெளி போன்ற செப்பனிடப்படாத தரைகளில் ஓட்டுவதற்கென வடிவமைக்கப்பட்ட சிறிய மோட்டார் ஊர்தி ஆகும். இது பொதுவாக நான்கு சக்கரங்களையும், காற்றழுத்தம் குறைந்த அகன்ற டயர்களையும், மோட்டார் சைக்கிளில் உள்ளது போன்ற கைப்பிடியையும், இருபுறமும் காலிட்டு அமரும் இருக்கையையும் கொண்டிருக்கும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ஏ.டி.வி. என்றும், சில நாடுகளில் குவாட் பைக் என்றும் அழைக்கப்படுகின்றது.

வட அமெரிக்கா, ஆத்திரேலியா, நியூசிலாந்து ஆகிய இடங்களில் கால்நடை மேய்த்தல், வேலி பார்த்தல், மருந்து தெளித்தல், விறகு இழுத்தல், வேட்டை, பொழுதுபோக்கு முதலியவற்றுக்கு இது பெரிதும் பயன்படுகின்றது. மகிழுந்தை விட விலை குறைவு என்றாலும், சிறு பண்ணை வைத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு இது பெரிய செலவே. மேலும் இது எளிதில் கவிழக்கூடிய ஊர்தி. ஆகவே குறைந்த பணத்தில் எதை வாங்குவது என்னும் கேள்வி, விலையைப் பற்றியதாக மட்டும் அமையாமல் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியதாகவும் அமைகின்றது.

வரலாறு

1960களின் இறுதியில், அமெரிக்காவிலிருந்த ஹோண்டா விற்பனையாளர்கள் குளிர்காலத்திலும் விற்கத்தக்க ஊர்தி ஒன்றைக் கேட்டனர். பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை வீழ்ந்துவிடுவதே இதற்குக் காரணம். ஒசாமு தகேயுச்சி என்னும் பொறியாளர் வடிவமைத்த மூன்று சக்கர ஊர்தி 1970இல் யு.எஸ். 90 என்ற பெயரில் வெளிவந்தது. 89 சிசி எஞ்சினும் 22 அங்குல விட்டமுள்ள பலூன் போன்ற டயர்களும் கொண்ட இதன் விலை 595 டாலர். பின்னர் இது ஏ.டி.சி. 90 எனப் பெயர் மாற்றப்பட்டது. விளையாட்டுக்கென வந்த இவ்வூர்தியை உழவர்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டனர். 1982இல் சுமை தாங்கும் சட்டங்களுடன் ஹோண்டாவின் "பிக் ரெட்" வெளிவந்தது.

அதே ஆண்டில் சுசூக்கி நிறுவனம் குவாட்ரன்னர் எல்.டி. 125 என்ற நான்கு சக்கர வகையை அறிமுகப்படுத்தியது. 1985இல் அமெரிக்காவின் போலாரிஸ் நிறுவனம் இத்துறையில் நுழைந்தது. 1986இல் ஹோண்டா நான்கு சக்கர இயக்கம் கொண்ட ஃபோர்டிராக்ஸ் 350 வகையை வெளியிட்டது.

மூன்று சக்கர ஊர்திகள் திருப்பங்களில் எளிதில் கவிழ்ந்தன. உயிரிழப்புகள் பெருகவே, 1988இல் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டின்படி ஹோண்டா, யமஹா, சுசூக்கி, கவாசாகி, போலாரிஸ் ஆகிய நிறுவனங்கள் அமெரிக்காவில் மூன்று சக்கர வகைகளை விற்பதை நிறுத்தின. வாங்குவோருக்கு இலவசப் பயிற்சி அளிக்கவும், பெரியவர்களுக்கான ஊர்திகளை 16 வயதுக்குக் குறைந்தோரின் பயன்பாட்டுக்கு விற்பதில்லை என்றும் ஒப்புக்கொண்டன. 10 ஆண்டுக் காலத்துக்கான இவ்வுடன்பாடு 1998இல் முடிவுற்றது. 2008இல் இயற்றப்பட்ட நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் இவ்வூர்திகளுக்கான தொழில்துறைத் தரத்தைக் கட்டாயமாக்கியது; புதிய மூன்று சக்கர வகைகளின் இறக்குமதியையும் விற்பனையையும் தடை செய்தது.

அமைப்பும் இயக்கமும்

ஒரு டயர் தரையின் மீது செலுத்தும் அழுத்தம், ஏறத்தாழ அதன் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தத்துக்குச் சமமாகும். மகிழுந்து டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அளவில் காற்றழுத்தம் இருக்க, இவ்வூர்தியின் டயரில் பெரும்பாலும் 3 முதல் 7 பவுண்டு மட்டுமே இருக்கும். அதே எடை பல மடங்கு பரப்பில் பரவுவதால் டயர் சேற்றிலும் மணலிலும் புதைவதில்லை.

எஞ்சினின் ஆற்றல் சக்கரங்களைச் சென்றடையும் முறையைப் பொறுத்துப் பராமரிப்புச் செலவு மாறுபடுகின்றது.

• சங்கிலி: விலை குறைவு, எடை குறைவு. சேற்றிலும் மணலிலும் விரைவில் தேயும். அடிக்கடி எண்ணெய் இட்டு இறுக்க வேண்டும்.
• சுழல் தண்டு: விலை கூடுதல். மூடப்பட்ட அமைப்பு என்பதால் நீண்ட நாள் உழைக்கும். எண்ணெய் மாற்றுவதே முதன்மையான பராமரிப்பு.
• பெல்ட் வழித் தானியங்கிக் கியர்: ஓட்டுவதற்கு எளிது. பெல்ட் நனைந்தால் வழுக்கும். தேய்ந்தால் மாற்ற வேண்டும்.

பல வகைகளில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பிணைக்கப்பட்டிருக்கும். மகிழுந்தில் உள்ளது போல் உட்சக்கரமும் வெளிச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல முடியாது. எனவே திரும்பும்போது ஊர்தி நேராகவே செல்ல முயலும். ஓட்டுநர் தம் உடல் எடையை மாற்றிச் சாய்ந்து திருப்ப வேண்டும். மோட்டார் சைக்கிளோ மகிழுந்தோ ஓட்டத் தெரிந்தவருக்கும் இதற்குத் தனிப் பயிற்சி தேவைப்படுவது இதனால்தான்.

வகைகள்

• பணி வகை: முன்னும் பின்னும் சுமைச் சட்டங்களும், இழுவைக் கொக்கியும் கொண்டது. பண்ணைகளில் காணப்படுவது.
• விளையாட்டு வகை: எடை குறைந்தது, வேகம் மிகுந்தது, பெரும்பாலும் பின்சக்கர இயக்கம் மட்டும் கொண்டது. சுமை ஏற்ற உதவாது.
• சிறுவர் வகை: வயதுக்கேற்ப அளவும் வேகமும் மட்டுப்படுத்தப்பட்டது.
• பக்க இருக்கை வகை: வட்டத் திருப்பி, இருக்கைப் பட்டை, காப்புக்கூண்டு ஆகியன கொண்டது. இது யு.டி.வி. எனத் தனி வகையாகக் கருதப்படுகின்றது, விலை அதிகம்.

குறைந்த செலவில் தேர்ந்தெடுத்தல்

தேவையை வரையறுத்தல்

வேலை, தரை, ஓட்டுநர் ஆகிய மூன்றையும் முதலில் தீர்மானித்தால் தேவையற்ற செலவைத் தவிர்க்கலாம். சமதளமான உலர்ந்த நிலத்தில் வேலியைச் சுற்றிப் பார்க்கவும், சிறு சுமை கொண்டு செல்லவும் 200 முதல் 300 சிசி வரையுள்ள இரு சக்கர இயக்க ஊர்தி போதுமானது. ஹோண்டாவின் 250 சிசி ரீகான் இதற்கு எடுத்துக்காட்டு. சுழல் தண்டு இயக்கம் கொண்ட இது 1997 முதல் அடிப்படை அமைப்பில் பெரிய மாற்றமின்றி விற்கப்பட்டதால், இதன் பழைய வண்டிகளும் உதிரிகளும் பரவலாகக் கிடைக்கின்றன. ஈரமான சரிவுகளும் ஆழ்ந்த சேறும் உள்ள இடங்களில், அல்லது பாரமான இழுவண்டியை இழுக்கும் தேவை உள்ளபோது, 400 முதல் 500 சிசி வரையுள்ள நான்கு சக்கர இயக்கம் பொருந்தும். நான்கு சக்கர இயக்கத்துக்கென முன்புறம் கூடுதல் கியர் பெட்டியும் இணைப்புகளும் உள்ளதால் விலை, எடை, பழுதுபார்ப்பு ஆகிய மூன்றும் உயரும். ஆண்டில் ஓரிரு முறை மட்டும் சேற்றில் சிக்கும் நிலையில், இரு சக்கர இயக்க ஊர்தியில் மின் இழுவைப் பொறி ஒன்றைப் பொருத்திக்கொள்வது மலிவான மாற்று வழியாகும்.

ஓட்டுநரின் உடலளவும் பொருந்த வேண்டும். கால் தாங்கிகளின் மேல் எழுந்து நிற்கும்போது இருக்கைக்கும் உடலுக்கும் இடையே குறைந்தது 3 அங்குல இடைவெளி இருப்பதும், கைப்பிடியை முழுதும் திருப்பிய நிலையிலும் பிரேக் நெம்புகோல்கள் கைக்கு எட்டுவதும் அடிப்படைச் சோதனைகள்.

மொத்தச் செலவு

விற்பனையாளர் கூறும் விலை செலவின் ஒரு பகுதியே. தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, பூட்சு, பயிற்சி, ஊர்தியை ஏற்றிச் செல்லும் இழுவண்டி, காப்புறுதி, டயர், எண்ணெய் ஆகியவற்றையும் கூட்டி, மீண்டும் விற்கும்போது கிடைக்கும் தொகையைக் கழித்தால் கிடைப்பதே உண்மையான செலவு. நன்கறியப்பட்ட வகையொன்று சில ஆண்டுகளுக்குப் பிறகும் நல்ல விலைக்குப் போகும். பெயர் அறியப்படாத மலிவு வகையொன்று, உதிரி கிடைக்காமல் ஒரே பழுதில் முழுப் பயனையும் இழக்கலாம். தலைக்கவசத்துக்கும் பயிற்சிக்கும் உரிய பணத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதில் ஊர்தியைத் தேடுவதே முறையான வரிசை.

மலிவான புதிய ஊர்திகள்

இணைய வழியிலும் பல்பொருள் அங்காடிகளிலும் விற்கப்படும் 110, 125 சிசி ஊர்திகள் பல சீனாவில் உற்பத்தியாகின்றன. இவற்றின் எஞ்சின்கள் பெரும்பாலும் ஹோண்டாவின் கிடைநிலைச் சிறு எஞ்சினைப் பின்பற்றியவை. எஞ்சினுக்கான உதிரிகள் மலிவாகவே கிடைக்கும். சட்டகத்தின் பற்றவைப்பு, தாங்கிகள், பிரேக், மின்கம்பிகள் ஆகியவற்றின் தரமே ஊர்திக்கு ஊர்தி வேறுபடுகின்றது. கட்டாயத் தரங்களை நிறைவு செய்யாத சிறுவர் ஊர்திகள் குறித்து அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பலமுறை எச்சரிக்கை விடுத்துள்ளது. சீனாவின் சி.எஃப். மோட்டோ, தாய்வானின் கிம்கோ போன்று விற்பனையாளர் வலையமைப்பும் உதிரி வழங்கலும் கொண்ட நிறுவனங்களை இவற்றோடு சேர்த்து எண்ணுதல் கூடாது. உற்பத்தியான நாட்டை விட, அருகில் பழுதுபார்ப்பவர் உள்ளாரா, உதிரி கிடைக்குமா என்பவையே முதன்மையான கேள்விகள்.

பயன்படுத்திய ஊர்தியைச் சோதித்தல்

குறைந்த பணத்தில் தரமான ஊர்தி கிடைக்கும் பொதுவான வழி, பயன்படுத்தியதை வாங்குவதாகும். வாங்குமுன் பின்வருவனவற்றைப் பார்க்க வேண்டும்.

• எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே இயக்கிப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே சூடேற்றப்பட்டிருந்தால், குளிர்நிலையில் இயங்க மறுக்கும் குறை மறைக்கப்பட்டிருக்கலாம்.
• எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் கலந்துள்ளது. நீல நிறப் புகை, எண்ணெய் எரிவதைக் காட்டும்.
• காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் சேறு படிந்திருந்தால் ஊர்தி நீரில் மூழ்கியிருக்கலாம்.
• முன்புறத்தை உயர்த்திச் சக்கரத்தைப் பிடித்து அசைக்க வேண்டும். ஆட்டம் இருந்தால் தாங்கிகளோ பந்து மூட்டுகளோ தேய்ந்துள்ளன.
• அச்சு மூட்டுகளை மூடும் ரப்பர் உறைகள் கிழிந்திருந்தால் உள்ளே மண் புகுந்திருக்கும்.
• சட்டகத்தில் விரிசல், புதிய பற்றவைப்பு, ஓரிடத்தில் மட்டும் புதிய வண்ணப்பூச்சு ஆகியவை விபத்தின் அடையாளங்கள்.
• சட்டகத்தில் பொறித்த எண் ஆவணத்துடன் ஒத்திருக்க வேண்டும். எண் அழிக்கப்பட்ட ஊர்தி திருடப்பட்டதாக இருக்கலாம்.

பழைய மூன்று சக்கர ஊர்திகள் இன்றும் மலிவாக விற்பனைக்கு வருவதுண்டு. இவற்றைப் பணிக்கென வாங்குவது எவ்வகையிலும் சிக்கனமாகாது.

நிலைத்தன்மையும் பாதுகாப்பும்

பக்கச் சரிவில் ஊர்தி கவிழத் தொடங்கும் கோணத்தை ஓர் எளிய சமன்பாட்டால் கணிக்கலாம். இடவலச் சக்கரங்களுக்கு இடையிலான தொலைவின் பாதியை, தரையிலிருந்து புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண், அக்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பாகும். எடுத்துக்காட்டாக, சக்கரத் தொலைவு 80 செ.மீ., மைய உயரம் 50 செ.மீ. எனில் விகிதம் 0.8, கோணம் ஏறத்தாழ 39 பாகை. ஓட்டுநர் அமர்ந்து, சுமையும் ஏற்றியபின் மையம் 70 செ.மீ. ஆக உயர்ந்தால் விகிதம் 0.57 ஆகக் குறைந்து, கோணம் 30 பாகைக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். டயரின் நெகிழ்வு, மேடுபள்ளம், வேகம் ஆகியவற்றால் நடைமுறையில் இதற்கும் முன்பே ஊர்தி கவிழலாம். மருந்து தெளிக்கும் தொட்டியை உயரமாகப் பொருத்துவதும், ஒருவருக்கென வடிவமைத்த ஊர்தியில் இருவர் செல்வதும் இதனாலேயே ஆபத்தானவை.

பணத்தை மிச்சப்படுத்த ஒரே பெரிய ஊர்தியை வாங்கிப் பெற்றோரும் பிள்ளைகளும் பகிர்ந்துகொள்வது மிகக் கொடிய விளைவுகளைத் தரும் சிக்கனம் ஆகும். சிறுவரின் உடல் எடை ஊர்தியைச் சமன்படுத்தப் போதாது. 16 வயதுக்குக் குறைந்தோர் இவ்வூர்திகளை ஓட்டவே கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பரிந்துரை.

ஆத்திரேலியப் பண்ணைகளில் நிகழும் உயிரிழப்புகளுக்குக் குவாட் பைக் முதன்மையான காரணங்களுள் ஒன்று. கவிழ்ந்த ஊர்தியின் அடியில் அகப்பட்டு மூச்சடைத்து இறந்தோர் இவர்களுள் பலர். இதனால் அந்நாடு 2019இல் புதிய பாதுகாப்புத் தரத்தை அறிவித்தது. 2020 அக்டோபர் முதல், கவிழும் கோணத்தைத் தெரிவிக்கும் அட்டை ஒவ்வொரு புதிய ஊர்தியிலும் இருக்க வேண்டும். 2021 அக்டோபர் முதல், பொதுப்பயன் வகைகளுக்கு, கவிழும்போது ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் வளைவு போன்ற காப்பமைப்பும், பக்கவாட்டு விகிதம் குறைந்தது 0.55 இருப்பதும் கட்டாயமாயின. 0.55 என்பது 28.81 பாகைச் சரிவைக் குறிக்கும். ஹோண்டாவும் யமஹாவும் இவ்விதியை எதிர்த்து அங்கு இவ்வகை விற்பனையிலிருந்து விலகின. விலையுடன் கவிழும் கோணத்தையும் ஒப்பிட்டு வாங்கும் வாய்ப்பை இவ்வட்டை முதன்முறையாக வாங்குவோருக்கு அளித்தது.

இந்தியாவில்

இந்தியாவில் இவ்வூர்திகள் பெரும்பாலும் கடற்கரைகள், மலைவாழிடங்கள், பொழுதுபோக்குப் பூங்காக்கள் ஆகியவற்றில் வாடகைக்கு ஓட்டப்படுகின்றன. பொழுதுபோக்கு வகைகளைப் பொதுச் சாலைகளில் ஓட்டுவதற்கெனப் பதிவு செய்ய இயலாது என்பதை வாங்குவோர் கருத்தில் கொள்ள வேண்டும்.

பொறியியல் மாணவர்களிடையே ஏ.டி.வி. என்னும் பெயர் வேறொரு பொருளிலும் வழங்குகின்றது. 1976இல் அமெரிக்காவில் தொடங்கிய பாஹா எஸ்.ஏ.இ. போட்டியின் இந்திய வடிவம், 2007 முதல் மத்தியப் பிரதேசத்தின் பீதம்பூரில் நடத்தப்பட்டது. இதில் மாணவர் குழுக்கள் குழாய்ச் சட்டகமும் காப்புக்கூண்டும் கொண்ட ஓரிருக்கை ஊர்தியை வடிவமைத்து உருவாக்குகின்றன. வேகத்துடன் வடிவமைப்பும் உற்பத்திச் செலவும் மதிப்பிடப்படுவதால், குறைந்த செலவில் உறுதியான ஊர்தியை அமைப்பதற்கு இது நல்ல பயிற்சிக்களமாக விளங்குகின்றது.

இவற்றையும் பார்க்க

• மோட்டார் சைக்கிள்
• உழவு இயந்திரம்
• புவியீர்ப்பு மையம்
• நான்கு சக்கர இயக்கம்