ஒரு காசு வில்லையின் வரலாறு

சிறுதுளி பெருவெள்ளம் என்பது நம்மவர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஆனால், துளிகள் தாமாகவே கூடி வெள்ளமாகிவிடுவதில்லை. அவற்றைத் திரட்டி வழிப்படுத்த வாய்க்கால் ஒன்று வேண்டும். பொதுப்பணிக்காகப் பொருள் விற்று நிதி திரட்டுவோர்க்கு அவ்வாய்க்காலாக அமைவது சொல். இப்பொருள் எதற்காக விற்கப்படுகிறது, இதனை வாங்குவதால் யாருக்கு நன்மை என்னும் செய்தி மக்களிடம் சென்று சேராதவரை, எத்துணை உயர்ந்த நோக்கமும் விற்பனை மேசையிலேயே தேங்கிவிடும். இவ்வுண்மையை விளங்கக் காட்டுவது, காசநோய் ஒழிப்புக்காக உலகின் பல நாடுகளில் விற்கப்பட்ட ஒரு சிறு ஒட்டு வில்லையின் வரலாறு.

நோயும் மௌனமும்

1882-ஆம் ஆண்டு செர்மானிய அறிஞர் இராபர்ட் காக் காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். ஆயினும், அக்கிருமியைக் கொல்லும் முதல் மருந்தாகிய ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ஆம் ஆண்டில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் நோயாளிக்குக் கிடைத்தவை தூய காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு ஆகியவையே. அவற்றை ஒருங்கே தருவதற்கெனச் சானட்டோரியங்கள் எழுந்தன. அவற்றைக் கட்டவும் நடத்தவும் பெரும்பொருள் வேண்டியிருந்தது.

பொருட்குறையினும் பெரிய தடை ஒன்றும் இருந்தது. அதுதான் மௌனம். காசநோய் குடிவழியாக வருவது என்று பலரும் நம்பினர். நோயுற்றவர் வீட்டில் இருப்பதை வெளியே சொல்லக் குடும்பத்தார் கூசினர். எலும்புருக்கி என்றும் சயம் என்றும் நம் நாட்டில் அழைக்கப்பட்ட இந்நோயின் பெயரை உரக்கச் சொல்லவும் அஞ்சிய காலம் அது. பெயரைச் சொல்லவே கூசும் நோய்க்கு நிதி கேட்பது எங்ஙனம்?

அஞ்சலகத்தில் பிறந்த எண்ணம்

இதற்கு விடை கண்டவர் மருத்துவர் அல்லர். டென்மார்க் நாட்டின் அஞ்சல்துறை அலுவலர் ஒருவர். ஐனார் ஹோல்போல் என்பது அவர் பெயர். 1903-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் பருவத்தில் மலைபோல் குவிந்த வாழ்த்து மடல்களுக்கிடையே பணிபுரிந்த அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அஞ்சல்தலையோடு மலிவான வில்லை ஒன்றையும் ஒவ்வொரு மடலிலும் ஒட்டச் செய்தால், அத்தொகை நோயுற்ற குழந்தைகளுக்குப் பயன்படுமே என அவர் எண்ணினார். மன்னர் ஒன்பதாம் கிறிஸ்டியன் அதற்கு இசைவளித்தார். மறைந்த அரசி லூயிசின் உருவம் தாங்கிய முதல் வில்லை 1904-இல் வெளிவந்தது. அப்போது அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 25 இலட்சம். முதற் பருவத்தில் விற்ற வில்லைகளோ 40 இலட்சத்துக்கும் மேல்! நாட்டின் அஞ்சல் அமைப்பே விற்பனைக் களமாகவும் விளம்பரக் களமாகவும் அமைந்தமையே இவ்வெற்றிக்கு அடிப்படை எனலாம்.

அச்செய்தியைக் கடல்கடந்து கொண்டுசென்றவர் ஜேக்கப் ரீஸ் என்னும் இதழாளர். டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறி, நியூயார்க் நகர ஏழைகளின் வாழ்வை எழுதிப் புகழ்பெற்றவர் அவர். தம் உடன்பிறந்தார் அறுவரைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். தாய்நாட்டிலிருந்து வந்த மடலில் அவ்வில்லையைக் கண்ட ரீஸ், 1907-ஆம் ஆண்டு 'அவுட்லுக்' இதழில் அது குறித்துக் கட்டுரை எழுதினார். அமெரிக்காவிலும் இவ்வாறு செய்யலாகாதா என்பது அவர் எழுப்பிய வினா.

முந்நூறு டாலர் தேவை

டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் அக்கட்டுரையைப் படித்தவர் எமிலி பிசெல் அம்மையார். அவர் செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர். பிரிசில்லா லெனார்டு என்னும் புனைபெயரில் எழுதியவர். பிராண்டிவைன் ஆற்றங்கரையில் காசநோயாளிகளுக்கென நடந்த சிறு குடில் ஒன்று பணமின்றி மூடப்படும் நிலையில் இருந்தது. அதனைக் காக்க 300 டாலர் வேண்டும் என அங்குப் பணியாற்றிய மருத்துவரும் அம்மையாரின் உறவினருமான ஜோசப் வேல்ஸ் தெரிவித்திருந்தார்.

அம்மையார் தாமே ஒரு வில்லையை வரைந்தார். நடுவே செஞ்சிலுவை, சுற்றிலும் பசுந்தழை வளையம், கீழே கிறிஸ்துமஸ் வாழ்த்து. 40 டாலர் கடன் பெற்று 50,000 வில்லைகளை அச்சிட்டார். வில்லை ஒன்றின் விலை ஒரு சென்ட். 1907 டிசம்பர் 7-ஆம் நாள் வில்மிங்டன் அஞ்சலகத்தில் விற்பனை தொடங்கியது. முதல் நாள் கிடைத்தது ஏறத்தாழ 25 டாலர். பின்னர் விற்பனை தளர்ந்தது. வில்லை அழகாகவே இருந்தது, விலையும் குறைவு, நோக்கமும் உயர்ந்தது. எனினும், அஞ்சலகத்துக்கு வந்தவர்களைத் தவிரப் பிறருக்கு அதுபற்றி ஏதும் தெரியாது. அங்கேயே முடிந்திருக்க வேண்டிய முயற்சி அது.

செய்தி பரவிய விதம்

அம்மையார் சோர்ந்துவிடவில்லை. ஃபிலடெல்ஃபியா நகருக்குச் சென்று, 'நார்த் அமெரிக்கன்' நாளிதழ் அலுவலகத்தின் படியேறினார். முதலில் அவர் கண்ட ஆசிரியர் ஆர்வம் காட்டவில்லை; மகிழ்ச்சிக்குரிய திருநாளையும் கொடிய நோயையும் இணைப்பது பொருந்தாது எனக் கருதினார். பின்னர், அவ்விதழில் பத்தி எழுதிவந்த லீ மிட்செல் ஹாட்ஜஸ் என்பவரை அம்மையார் சந்தித்தார். வில்லையைக் கண்ட ஹாட்ஜஸ் அதன் ஆற்றலை உடனே உணர்ந்தார். அதைக் கையில் ஏந்தித் தலைமை ஆசிரியர் வான் வால்கன்பர்க்கிடம் விரைந்தார். இதழின் பக்கங்கள் அம்மையாரின் பணிக்குத் திறந்துவிடப்பட்டன.

அதன்பின் நாள்தோறும் வில்லையைப் பற்றிய செய்தி வெளிவந்தது. நோய் எவ்வாறு பரவுகிறது, எவ்வாறு தடுக்கலாம், ஒரு சென்ட் என்ன செய்யும் என்பனவெல்லாம் எளிய நடையில் எழுதப்பட்டன. நாளிதழ் விற்கும் ஏழைச் சிறுவன் ஒருவன் உயர்ந்த மேசையை எட்டி ஒரு சென்ட் வைத்து, தன் தமக்கைக்கும் அந்நோய் உண்டு என்று கூறி ஒரு வில்லை வாங்கிச் சென்றதாக ஒரு செய்தி அந்நாள் தொட்டுச் சொல்லப்பட்டு வருகிறது. வீட்டில் மறைத்ததை வெளியே சொல்லும் துணிவு பிறந்ததற்கு இச்செய்தி சான்று. பருவம் முடிந்தபோது திரண்ட தொகை ஏறத்தாழ 3,000 டாலர். வேண்டியதைப்போல் பத்து மடங்கு. மறு ஆண்டே செஞ்சிலுவைச் சங்கம் நாடு முழுவதும் இதனை மேற்கொண்டது. 1908-இல் கிடைத்த தொகை 1,35,000 டாலர்.

இவ்வளர்ச்சியின் காரணம் நோக்கத்தக்கது. செல்வர் ஒருவரிடம் பெருந்தொகை பெற்றிருந்தால் குடில் பிழைத்திருக்கும், ஊர் விழித்திராது. ஒரு சென்ட் என்பது நாளிதழ்ச் சிறுவனும் தரக்கூடியது. அதைத் தந்தவன் இரவலனுக்கு இட்டவன் ஆகவில்லை. பணியில் பங்காளி ஆனான். மேலும், சோப்போ மிட்டாயோ விற்றால் பொருள் தீர்ந்தவுடன் செய்தியும் தீரும். வில்லையோ வாங்கியவர் கையிலிருந்து புறப்பட்டு மடலேறி அடுத்தவர் வீட்டுக்குச் சென்றது. வாங்கியவரே அறிவிப்பாளரானார்.

இந்திய மண்ணில்

நம் நாட்டில் 1939-இல் தோன்றிய இந்தியக் காசநோய்ச் சங்கம், 1950-ஆம் ஆண்டு முதல் காசநோய் வில்லை இயக்கத்தை நடத்தலாயிற்று. காந்தியடிகள் பிறந்தநாளையொட்டி ஆண்டுதோறும் தொடங்கும் இவ்வியக்கத்தின் வில்லைத் தாள்களைப் பள்ளி மாணவர்கள் வீட்டுக்கும் உறவினர்க்கும் கொண்டு சென்றனர்.

இந்நோய் ஒழிப்பில் தமிழகத்துக்குத் தனியிடம் உண்டு. இங்கிலாந்தில் கணிதமேதை இராமாநுசனுக்கு மருத்துவம் செய்தவருள் ஒருவரான டாக்டர் சவரிமுத்து, 1928-இல் தாம்பரம் சானட்டோரியத்தை நிறுவினார். 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், வீட்டிலிருந்தபடியே மருந்துண்டாலும் சானட்டோரியத்தில் தங்குவோர்க்கு இணையாக நோய் குணமாகும் என்பதை 1959-இல் உலகுக்கு மெய்ப்பித்தது. எந்தக் கட்டடங்களுக்காக வில்லைகள் பிறந்தனவோ, அக்கட்டடங்களின் தேவையே அதனால் குறைந்தது.

ஆயினும், வில்லையின் பணி முடிந்துவிட்டது என்று கூறவியலாது. உலகக் காசநோயாளருள் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இன்றும் இந்தியரே. மருந்து இருக்கிறது, நோயை மறைக்கும் கூச்சமும் இருக்கிறது. எதற்கென்று கூறாமல் கொடுத்தால் வில்லை வெறும் வண்ணத்தாளே. அதனைத் தரும் ஆசிரியரும் கொண்டுசெல்லும் மாணவரும் இது தீரும் நோய், மறைக்க வேண்டா நோய் என்று ஒரு சொல் சேர்த்துக் கொடுக்கும்போதுதான் அது வில்லையாகிறது. வில்மிங்டன் அஞ்சலகத்தில் தேங்கிக் கிடந்த வில்லைகளை நடக்கச் செய்ததும் அத்தகைய சொல்லே.