உங்கள் செயலியை யார் நிறுத்திப் பார்க்கலாம்? கெர்னலுக்குள் இருக்கும் பொறி

மாவனல்லை நகரில் கண்டி வீதியோரமாகக் கைத்தொலைபேசி திருத்தும் கடைகள் நிறைய உண்டு. அவற்றில் வேலை பார்க்கும் தோட்டத்துப் பிள்ளைகள் சிலருக்கு வார இறுதிகளில் லினக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களும், வடக்கு கிழக்கில் இருக்கும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "வட்ஸ்அப் செய்தியை இடையில் யாரும் வாசிக்க முடியாது என்கிறார்கள். சரி, என் போனுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும் செயலியை இன்னொருவர் எட்டிப் பார்க்க முடியுமா?" காணாமலாக்கப்பட்ட மகனின் கோப்பையும், காணி வழக்கின் ஆவணங்களையும், வெளிநாட்டு உறவுக்கு அனுப்பிய வாக்குமூலத்தையும் போனிலேயே வைத்திருப்பவர்கள் வேடிக்கைக்காக இதைக் கேட்பதில்லை.

சுருக்கமான பதில்: கெர்னல் அனுமதித்தால் முடியும். மறையாக்கம் செய்தியை வழியில்தான் காக்கிறது. போனுக்கு வந்து சேர்ந்ததும் நீங்கள் வாசிப்பதற்காக அது பிரிக்கப்பட்டு, நினைவகத்தில் வெறும் எழுத்தாகவே கிடக்கிறது. அந்த நினைவகத்தின் வாசலில் நிற்பது கெர்னல், அதாவது பாடப்புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்று படித்தோமே, அதன் உள்மையம். அன்ட்ரொய்ட் போன்களில் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான்.

ஓடிக்கொண்டிருக்கும் நிரலை முறைவழி என்கிறோம். ஒரு முறைவழியை இன்னொரு முறைவழி நிறுத்தி, உள்ளே பார்த்து, மாற்றி, மீண்டும் ஓடவிடுவதற்கு 'பிடிரேஸ்' என்ற அழைப்பு 1970களின் யுனிக்ஸ் காலத்திலேயே வந்துவிட்டது. வேவு பார்ப்பதற்காக அதை யாரும் உருவாக்கவில்லை. நிரலில் இருக்கும் பிழையைத் தேடும் நிரலாளருக்கு அது அன்றாடக் கருவி. அது இல்லாமல் நான் ஒரு நாள் கூட வேலை செய்ய முடியாது.

நிறுத்துவதற்கு வைப்பதுதான் பொறி. எங்கள் ஊரில் பொறி என்றால் பெரியவர்களுக்கு உத்துவன்கந்த சரதியேல் ஞாபகம் வரும். 1864 மார்ச் 21ஆம் திகதி மாவனல்லையில் ஒரு வீட்டில் வைத்து அவனை வளைத்தார்கள். அந்த மோதலில் இறந்த கான்ஸ்டபிள் சபானின் நினைவாகத்தான் இன்றும் அந்த நாளைப் பொலிஸ் வீரர்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். கணினிப் பொறி அவ்வளவு ஆரவாரமானது அல்ல. அது ஒரேயொரு பைட்.

இன்டெல் வகைக் கணினியில் அந்த பைட்டின் பெறுமதி 204. எந்தக் கட்டளையில் நிறுத்த வேண்டுமோ, அதன் முதல் பைட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் 204ஐ எழுதுகிறது தொடரும் நிரல். பல செயலிகள் சேர்ந்து பாவிக்கும் பொது நூலகமாக அந்த இடம் இருந்தால், கெர்னல் அந்தப் பக்கத்தைப் பிரதியெடுத்து, தொடரப்படும் முறைவழிக்கு மட்டும் தனியாகக் கொடுக்கிறது. மற்றவர்களின் பிரதியில் கை வைப்பதில்லை.

புரொசசர் 204ஐச் சந்தித்ததும் சாதாரண நிலையிலிருந்து கெர்னல் நிலைக்குத் தாவுகிறது. 3ஆம் இலக்க வாசல் வழியாக உள்ளே வந்த கெர்னல், முறைவழியின் பதிவகங்களையெல்லாம் தன்னுடைய அடுக்கில் பத்திரப்படுத்துகிறது. இந்தப் பொறியில் விழுந்தது பயனரின் நிரலா, கெர்னலின் சொந்தக் கட்டளையா என்பதுதான் அது முதலில் பார்க்க வேண்டியது. பயனருடையது என்றால் 5ஆம் இலக்கச் சமிக்ஞையான 'சிக்டிராப்' அனுப்பப்படும். முறைவழி நிற்கும், காத்திருக்கும் தொடர்பவர் எழுப்பப்படுவார். அவர் பதிவகங்களைப் பார்க்கலாம், நினைவகத்தை வாசிக்கலாம். பிறகு பழைய பைட்டைத் திருப்பி வைத்து, ஒரேயொரு கட்டளை மட்டும் ஓடும்படி ஒரு கொடியை உயர்த்துவார். அது ஓடி முடிந்த கணத்தில் 1ஆம் இலக்க வாசல் வழியாக இன்னொரு பொறி எழும். 204 மறுபடியும் வைக்கப்படும். வண்டி நகரும்.

இதில் ஓர் ஓட்டை உண்டு. 204ஐ எடுத்துவிட்டு ஒரு கட்டளையை ஓட்டும் அந்தச் சிறு இடைவெளியில், அதே முறைவழியின் இன்னொரு இழை அவ்விடத்தைக் கடந்தால் பிடிபடாமல் போய்விடும். சோதனைச்சாவடிகளில் வரிசையில் நின்ற தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை: ஒருவருக்காகத் தடையைத் தூக்கும்போது பக்கத்தால் இன்னொருவர் போய்விடலாம்.

இதற்கு நல்ல தீர்வைத் தந்தவர்களில் நம் பக்கத்து நாட்டுப் பொறியாளர்களும் இருக்கிறார்கள். கெர்னலுக்குள்ளேயே பொறி வைக்கும் 'கேப்ரோப்ஸ்' நிரலை 2002இல் தொடங்கியவர் ஐபிஎம் இந்தியாவின் வம்சி கிருஷ்ணா என்று மூலநிரலின் தலைப்பிலேயே இருக்கிறது. 2004இல் அதைத் திருத்தியவர்களாக சுபர்ணா பட்டாச்சார்யா, பிரசன்னா பஞ்சமுகி ஆகியோரின் பெயர்களும் அங்கே உள்ளன. பயனர் முறைவழிகளுக்கான 'யூப்ரோப்ஸ்' பெங்களூரில் இருந்த சிறிகர் துரோணம்ராஜு, அமெரிக்காவின் ஜிம் கெனிஸ்டன் ஆகியோரின் வேலை. பல வருட விவாதத்துக்குப் பிறகு 2012இல் லினக்ஸ் 3.5 பதிப்பில் அது சேர்ந்தது.

யூப்ரோப்ஸ் 204ஐ எடுப்பதேயில்லை. மறைந்திருக்கும் மூலக் கட்டளையின் பிரதியை, அதே முறைவழிக்குள் ஒதுக்கிய வேறொரு பக்கத்தில் வைத்து, அங்கே ஓட்டுகிறது. ஓடி முடிந்ததும் முகவரியைச் சரிசெய்து பழைய பாதைக்கு அனுப்புகிறது. எத்தனை இழைகள் வந்தாலும் பொறி இருந்த இடத்திலேயே இருக்கும். இன்னொரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பொறி எழுந்த கணத்தில் கெர்னல் முழு வேலையையும் செய்வதில்லை. ஒரு கொடியை மட்டும் நட்டுவிட்டு, முறைவழி பயனர் நிலைக்குத் திரும்பப்போகும் வாசலில்தான் மீதியைக் கவனிக்கிறது. நினைவகப் பக்கம் வந்து சேரும்வரை காத்திருக்க நேரலாம். பொறியின் நடுவில் நின்று காத்திருக்கக்கூடாது.

கெர்னல் பொறியைத் தவறாகக் கையாண்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2018 மே 8 சாட்சி. நிக் பீட்டர்சன், நெமன்யா முலாஸ்மாயிச் என்ற இருவர் கண்டுபிடித்த ஒரு குறைபாடு அன்று வெளியானது. சிவிஇ-2018-8897 என்பது அதன் இலக்கம். அடுக்குப் பதிவகத்தை மாற்றும் கட்டளை ஒன்று ஓடும்போது, எழ வேண்டிய பொறியை இன்டெல் புரொசசர் அடுத்த கட்டளை முடியும்வரை தள்ளிவைக்கும். அந்த அடுத்த கட்டளை கெர்னலுக்குள் நுழையும் கட்டளையாக இருந்தால்? பயனர் வைத்த பொறி, கெர்னல் தன் முதல் கட்டளையை ஓட்டுவதற்கு முன்பே, கெர்னல் நிலையில் வெடிக்கும். 'இது என்னுடையது' என்று கெர்னல் நம்பிவிடும். விண்டோஸ், லினக்ஸ், மெக், ஃப்ரீபிஎஸ்டி எல்லாவற்றுக்கும் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. லினக்ஸில் கணினியை வீழ்த்தலாம். விண்டோஸில் கெர்னலின் அதிகாரத்தையே கைப்பற்றலாம் என்று காட்டினார்கள். ஒரே கையேட்டில் இருந்த ஒரே கூற்றை இத்தனை அணிகள் பிழையாகக் கையாண்டிருந்தன. கைத்தொலைபேசிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்ம் வகைப் புரொசசர் என்பதால் இந்தக் குறைபாடு அவற்றைத் தொடவில்லை.

அடுத்த வருடமே இன்னொன்று வந்தது. 'என்னைத் தொடரு' என்று ஒரு முறைவழி தன் பெற்றோரைக் கேட்கும்போது, யாருடைய அதிகாரத்தின் பேரில் அந்தத் தொடர்பைப் பதிவது என்பதில் லினக்ஸ் பிழைவிட்டிருந்ததை கூகுளின் யான் ஹோர்ன் கண்டுபிடித்தார். சாதாரண பயனர் ஒருவர் நிர்வாகியாக மாறிவிடலாம். 2019 ஜூலையில் 5.1.17 பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது. முன்னையது பொறி எழும் இடத்தில் நடந்த தவறு. இது பொறி வைக்க அனுமதி கொடுக்கும் இடத்தில் நடந்தது. சாதாரண பாவனையாளரைப் பொறுத்தவரை நான் அதிகம் அஞ்சுவது இரண்டாவது வகைக்குத்தான்.

அந்த அனுமதியை இறுக்க 'யாமா' என்றொரு பகுதி 2012இல் லினக்ஸ் 3.4இல் சேர்ந்தது. அதற்கு முன், ஒரே பயனரின் எந்த முறைவழியும் அவருடைய மற்றொன்றைத் தொடர முடிந்தது. விளையாட்டுச் செயலிக்குள் புகுந்த கிருமி பக்கத்தில் ஓடும் உலாவியின் நினைவகத்தைத் திறக்கலாம். யாமாவின் அளவை 1இல் வைத்தால் தன் வழித்தோன்றல்களை மட்டும் தொடரலாம். 2 என்றால் நிர்வாகி மட்டும். 3 என்றால் யாரும் இல்லை. கணினியை மறுபடி தொடக்கும்வரை அதைத் தளர்த்தவும் முடியாது. உபுண்டு பாவிப்பவர்களுக்கு 1 ஏற்கெனவே இருக்கிறது.

அன்ட்ரொய்டில் ஒவ்வொரு செயலிக்கும் தனிப் பயனர் இலக்கம் உண்டு. அதனால் ஒரு செயலி இன்னொன்றைத் தொடர கெர்னல் விடாது. ஆனால் ரூட் செய்யப்பட்ட போனில் அந்தச் சுவர் விழுந்துவிடும். செகண்ட் ஹேண்ட் போன் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். ரூட் ஆனதா என்று கடையிலேயே கேளுங்கள். ஐயமிருந்தால் நிறுவனத்தின் அசல் மென்பொருளை மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். யூஎஸ்பி டிபக்கிங் தெரிவை அணைத்து வையுங்கள். 'ஜிபி வட்ஸ்அப்' மாதிரியான மாற்றிய செயலிகளை நிறுவாதீர்கள்; அங்கே உங்களைத் தொடரப் பொறியே தேவையில்லை, நீங்களாகவே உள்ளே விட்டுவிட்டீர்கள். அதேபோல, பூட்டுத் திறந்த நிலையில் போனைக் கையில் வாங்கியவருக்கும் பிடிரேஸ் வேண்டியதில்லை. விரலால் தட்டிப் பார்ப்பார். ஆகவே நீளமான கடவுச்சொல்தான் முதல் காவல். பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் வரும் போனாக இருப்பது அடுத்தது.

கணினியில் லினக்ஸ் வைத்திருக்கும் நண்பர்கள் ஒரு சோதனை கேட்பதுண்டு. ஒவ்வொரு முறைவழிக்கும் 'ப்ரொக்' கோப்புறையில் ஒரு நிலைக் கோப்பு இருக்கிறது. அதில் 'டிரேசர்பிட்' என்ற வரியைப் பாருங்கள். 0 என்றால் பிடிரேஸ் வழியாக யாரும் தொடரவில்லை. வேறு இலக்கம் இருந்தால் அதுதான் தொடர்பவரின் முறைவழி எண். ஒரு நேரத்தில் ஒருவர்தான் தொடர முடியும் என்பதால், தன்னைத் தானே தொடரவைத்து மற்றவர்களுக்கு இடம் கொடுக்காத செயலிகளும் உண்டு. ஆனால் யூப்ரோப்ஸ் வழியாக நிர்வாகி வைக்கும் பொறி அந்த வரியில் தெரியாது. 0ஐக் கண்டதும் கணினி முழுக்க உங்களுடையது என்று எண்ணிவிடாதீர்கள். நிர்வாகிக் கடவுச்சொல் வேறு யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.