நடுவானில் குட்டி விமானம் குறுக்கே வந்தால்... வீட்டில் இருந்த 15 பேரையும் பலி வாங்கிய பயங்கரம்! பாடம் கற்றது எப்படி?

பெரிய விமான நிலையம் என்றால் நிமிடத்துக்கு ஒரு விமானம் ஏறும், இறங்கும். 200, 300 பேர் உட்கார்ந்து வரும் ஜெட் விமானங்கள் பறக்கிற அதே வானத்தில், 4 பேர் மட்டும் உட்காரும் தனியார் குட்டி விமானங்களும் சுற்றுகின்றன. அதிலும் அமெரிக்காவில் கார் வைத்திருப்பது போல சொந்தமாக விமானம் வைத்து ஓட்டுகிறவர்கள் ஏராளம்.

ஹைவேயில் லாரியும் பஸ்சும் பறக்கும்போது நடுவில் ஒரு மொபட் புகுந்தால் எப்படி இருக்கும்? அதே கதைதான். ஆனால் வானத்தில் பிரேக் போட்டு நிறுத்த முடியாது.

சான்டியாகோ விபத்து

1978-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந்தேதி காலை 9 மணி. அமெரிக்காவின் சான்டியாகோ நகரில் பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் போயிங் 727 விமானம் தரை இறங்க வந்து கொண்டிருந்தது. அதன் முன்னால் செஸ்னா 172 என்ற குட்டி விமானம். அதில் 2 பேர் பயிற்சியில் இருந்தனர்.

"முன்னால் ஒரு செஸ்னா போகிறது" என்று கட்டுப்பாட்டு அறையில் இருந்து எச்சரித்தார்கள். போயிங் விமானிகளும் அதைப் பார்த்ததாக பதில் சொன்னார்கள். ஆனால் கொஞ்ச நேரத்தில் அது கண்ணில் இருந்து மறைந்து விட்டது. பின்னால் போயிருக்கும் என்று நினைத்து விட்டார்கள். அதுவோ அவர்களுக்கு நேர் கீழே இருந்தது.

மோதுவதற்கு 19 விநாடிக்கு முன்பே ரேடார் அறையில் அபாய மணி அடித்தது. 'விமானிதான் பார்த்து விட்டாரே' என்று ஊழியர்கள் அதைப் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. 2 ஆயிரத்து 600 அடி உயரத்தில் மோதல். போயிங்கில் இருந்த 135 பேர், செஸ்னாவில் 2 பேர், தரையில் 7 பேர் என மொத்தம் 144 பேர் பலியானார்கள்.

லீவு நாளில் விழுந்த இடி

8 ஆண்டு கழித்து அதே கலிபோர்னியா மாநிலத்தில் மறுபடியும் ஒரு பயங்கரம். 1986-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் அங்கே தொழிலாளர் தின விடுமுறை. லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே செரிட்டோஸ் என்ற ஊரில் மக்கள் வீட்டில் ஓய்வாக இருந்தனர்.

மெக்சிகோவில் இருந்து ஏரோமெக்சிகோ டி.சி.9 விமானம் 64 பேருடன் லாஸ் ஏஞ்சல்சில் இறங்க வந்தது. டாரன்ஸ் என்ற இடத்தில் இருந்து கிளம்பிய பைப்பர் குட்டி விமானம் ஒன்று, அனுமதி இல்லாமல் கட்டுப்பாட்டு வான் பகுதிக்குள் நுழைந்து விட்டது. அதில் கணவன், மனைவி, மகள் என 3 பேர்.

பகல் 11.52 மணி. வானம் பளிச்சென்று இருந்தது. ஆனாலும் 2 விமானிகளுமே எதிரே வந்ததைக் கவனித்து விலகியதற்கு அடையாளமே இல்லை. பைப்பர், பெரிய விமானத்தின் வால் பகுதியில் மோதியது. டி.சி.9 தலைகுப்புற வீடுகள் மேல் விழுந்து தீப்பிடித்தது. தரையில் மட்டும் 15 பேர் பலி. மொத்த பலி 82. விமானத்தில் ஏறாத ஜனங்களுக்கும் இப்படி ஒரு சாவு!

கண்ணால் பார்த்தால் போதாதா?

"பார்த்து ஓட்டு" என்று சொல்வது ரோட்டுக்குச் சரி. வானத்தில் கணக்கே வேறு. பெரிய விமானம் மணிக்கு 400 கிலோ மீட்டர், சின்னது 180 கிலோ மீட்டர் வேகத்தில் நேருக்கு நேர் வந்தால், விநாடிக்கு 160 மீட்டர் தூரம் குறைகிறது. எதிரே வருவதைப் பார்த்து, புரிந்து கொண்டு, விமானத்தைத் திருப்ப ஒரு விமானிக்குச் சுமார் 12½ விநாடி வேண்டும் என்பது அமெரிக்க விமானத்துறை கணக்கு. அதாவது 2 கிலோ மீட்டருக்கு முன்பே கண்ணில் பட வேண்டும். அந்தத் தூரத்தில் குட்டி விமானம் ஒரு புள்ளி மாதிரிதான் தெரியும்.

அதோடு மோதப் போகிற விமானம் கண்ணாடியில் நகராமல் ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். நகர்கிற பொருளைத்தான் நம் கண் சட்டென்று பிடிக்கும். நிற்கிற புள்ளியை விட்டு விடும்.

கருவி வந்த கதை

செரிட்டோஸ் விபத்தில் பைப்பரிடம் உயரத்தைத் தெரிவிக்கும் கருவி இல்லை. அது எத்தனை அடியில் பறக்கிறது என்பது ரேடாரில் தெரியாது. அதன் பிறகுதான் சட்டம் கடுமையானது.

* 30 இருக்கைக்கு மேல் உள்ள பயணிகள் விமானங்களில் 'டிகாஸ்' என்ற மோதல் தடுப்புக் கருவி 1993-ம் ஆண்டு இறுதிக்குள் கட்டாயம் ஆனது. பக்கத்து விமானத்தின் சிக்னலைப் பிடித்து, "மேலே ஏறு", "கீழே இறங்கு" என்று இது விமானியிடம் பேசும்.

* பெரிய விமான நிலையங்களைச் சுற்றி சுமார் 55 கிலோ மீட்டர் வட்டத்துக்குள், குட்டி விமானமும் உயரம் சொல்லும் கருவியோடுதான் பறக்க வேண்டும். 2020-ம் ஆண்டு முதல், இருக்கும் இடத்தைத் தானாகவே அறிவிக்கும் கருவியும் வேண்டும்.

* தலைகீழாகக் கவிழ்த்த கோபுரம் போல, அந்த விமான நிலையங்களின் மேல் வான் பகுதியை அடுக்கு அடுக்காகப் பிரித்துள்ளனர். கட்டுப்பாட்டு அறையின் அனுமதி இல்லாமல் அதற்குள் நுழையக் கூடாது.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எதிரே வருகிற விமானம் உயரத்தைச் சொல்லாவிட்டால் 'ஏறு, இறங்கு' என்று டிகாசால் வழி சொல்ல முடியாது. சிக்னலே இல்லாவிட்டால் அதற்கு ஒன்றுமே தெரியாது.

நம் நாட்டில்...

1996-ம் ஆண்டு நவம்பர் 12-ந்தேதி டெல்லி அருகே சர்க்கி தாத்ரியில் சவுதி, கஜகஸ்தான் விமானங்கள் மோதி 349 பேர் இறந்தனர். அவை இரண்டுமே பெரிய விமானங்கள்தான். அந்த விபத்துக்குப் பிறகே இந்தியாவிலும் மோதல் தடுப்புக் கருவி கட்டாயம் ஆனது.

இத்தனை பாதுகாப்பு வந்த பிறகும் ஆபத்து ஒழியவில்லை. 2025-ம் ஆண்டு ஜனவரி 29-ந்தேதி இரவு வாஷிங்டனில் இறங்க வந்த பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் பலியானார்கள். டிகாஸ் வழிகாட்டும் வசதி தரைக்கு மிக அருகில் வேலை செய்யாது. ஓடுபாதையை நெருங்கும் அந்தக் கடைசி நிமிடங்களில், கட்டுப்பாட்டு அறையும் விமானியின் கண்ணும்தான் பயணிகளுக்குக் காவல்.