மண்தளியும் கற்றளியும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீண்டு கிடக்கும் கல்வராயன் மலையிற் பிறந்து கீழ்நோக்கி ஓடும் ஆறுகளுள் மணிமுத்தாறும் ஒன்று. அது திருமுதுகுன்றத்தைச் சார்ந்து ஓடிப் பின் வெள்ளாற்றோடு கலக்கின்றது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் இறைவன்பாற் பெற்ற பன்னீராயிரம் பொன்னை அவ்வாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தருளிய வரலாறு சைவ நன்மக்கள் யாவரும் அறிந்ததே. கரியாலூர் முதலிய மலையூர்களைச் சூழ்ந்த இம்மலையின் நீர் இங்ஙனம் ஒரு பாடல்பெற்ற தலத்தின் தீர்த்தமாய் நிற்கின்றது. இம்மலையின் மண்ணுக்கும் மூங்கிலுக்கும் அத்தகைய பெருமை உண்டோ எனின், உண்டு. திருக்கோயில் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்ப்பார்க்கு அது விளங்கும்.

இங்கு வாழும் மலையாளி எனப்படும் மலைமக்கள் காஞ்சியினின்றும் மலையேறி வந்தவர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி. கரியராமன் என்னும் பெயரால் திருமாலை வழிபடும் மரபும் அவரிடை உண்டு. அவர்தம் பழைய வீட்டைக் கூர்ந்து நோக்கினால் அதன் அறிவு புலனாகும். மூங்கிற் பிளாச்சுகளை நெருங்கப் பின்னிச் சுவராக நிறுத்தி, இருபுறமும் செம்மண் அப்பி, மேலே புல் வேய்ந்துவிடுவர். கூரை செங்குத்தாய் இறங்குதலின் மலைமழை தங்காது வடிந்துவிடும். இறவாரம் தாழ்ந்திருத்தலின் சாரல் மண்சுவரைத் தொடாது. திண்ணை உயர்ந்திருத்தலின் தரையீரம் உள்ளே ஏறாது. இவையனைத்தும் நடந்துபோய் எடுத்துவரும் தொலைவிற் கிடைத்த பொருள்களே. ஜாகீர் முறை நீங்கி, 1976ஆம் ஆண்டில் இம்மலை அரசின் நேராட்சிக்குள் வந்தபின் சாலைகளும் பள்ளிகளும் தோன்றின, அது பெருநன்மையே. அச்சாலை வழியே சிமெண்டும் இரும்புக் கம்பியும் மலையேறின. மண்வீடு என்பது வறுமையின் அடையாளம் என்னும் எண்ணமும் உடன் ஏறிற்று.

அவ்வெண்ணம் வரலாற்றுக்கு ஒவ்வாதது. தேவார மூவர் பாடிய காலத்துத் திருக்கோயில்களெல்லாம் இன்று நாம் காண்பன போன்ற கற்கோயில்கள் என்று பலர் கருதுகின்றனர். அஃது அன்று. திருவாரூர்ப் பரவையுண்மண்டளி என்னும் தலப்பெயரிலேயே மண்ணாலாகிய தளி என்னும் பொருள் அமைந்துள்ளது. அதனைச் சுந்தரர் பாடினார். மண்ணென்று இகழ்ந்து போகவில்லை. மேலைக்கடம்பூர்க் கரக்கோயில், திருக்கருப்பறியலூர்க் கொகுடிக்கோயில், திருக்கச்சூர் ஆலக்கோயில் என்னும் பெயர்களையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொகுடி ஒருவகை முல்லை. ஆல் அனைவரும் அறிந்த மரம். ஊரில் வளர்ந்த கொடியும் மரமும் கோயிலுக்குப் பெயராயின. அப்பர் சுவாமிகள் இவ்வகைக் கோயில்களையெல்லாம் ஒரு திருத்தாண்டகத்தில் அடைவாக வைத்து, பெருங்கோயில்கள் மட்டும் எழுபத்தெட்டு என்று தொகை கூறினார்.

கல்லாற் கோயில் அமைத்தல் எங்ஙனம் தொடங்கிற்று? விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு பாறையைக் குடைந்து மும்மூர்த்திகளுக்குக் கோயில் ஆக்கினான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்கும் இன்றி ஆக்கியது என்று அவன் கல்வெட்டிலேயே பொறித்துள்ளான். இன்ன பொருள் இல்லாமற் செய்தேன் என்று ஒரு வேந்தன் வியந்து கூறுவானாயின், அந்நாள்வரை எல்லோரும் அப்பொருள்களைக் கொண்டே கட்டினர் என்பது தானே பெறப்படும். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்து நிகழ்ச்சி அது. அப்பர் வாழ்ந்த காலமும் அதுவே. அவன் பாறையை வேற்று நாட்டினின்றும் கொணரவில்லை என்பதும் நினைக்கத்தக்கது. குன்று நின்ற இடத்திற் கோயில் பிறந்தது. அப்புதுமையும் நிலத்தைக் கேட்டே செய்யப்பட்டது.

கூரையின் செய்தி இன்னும் சுவையுடையது. தில்லைச் சிற்றம்பலம் கல்லால் ஆகியதன்று, மரத்தாலாகிய அம்பலம். அதன் சரிந்த கூரையைப் பொன்னோடு மூடுகின்றது. அவ்வோடுகள் ஒரு நாளில் மனிதன் விடும் மூச்சின் தொகையாகிய 21,600 என்பது மரபு. சைவத்தின் தலைமைக் கோயிலின் உள்ளிடம் ஒரு குடிலின் வடிவாய் இருத்தலை அன்பர்கள் மறத்தல் ஆகாது. சாரல் ஓயாத திருக்குற்றாலத்துச் சித்திரசபைக்குச் சரிந்த செப்புக் கூரை வேய்ந்தனர். சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் புறப்பட்ட திருவஞ்சைக்களம் மலைநாட்டில் உள்ளது; அங்கும் மழைக்கேற்ற சரிவுக் கூரையே. வழிபடும் தெய்வம் ஒன்றே. நாட்டுக்கு நாடு மழை வேறுபட்டது, கூரையும் வேறுபட்டது.

இவ்வுண்மையைத் தற்காலக் கட்டிடக் கலைஞர் சிலர் மீண்டும் கண்டனர். எகிப்து நாட்டில் ஹசன் பாத்தி என்பார் 1945ஆம் ஆண்டு முதல் புதுக் குர்னா என்னும் சிற்றூரைப் பச்சை மண்கல்லால் எழுப்பினார். இங்கிலாந்தில் 1917இல் பிறந்த லாரி பேக்கர் காந்தியடிகளைக் கண்டபோது, ஐந்து கல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருள்களாலேயே வீடு அமைதல் வேண்டும் என்று அடிகள் அவருக்குக் கூறினார். பேக்கர் இமயமலைச் சாரலிற் பித்தோராகர் என்னும் இடத்திற் பல்லாண்டு வாழ்ந்தார். தாம் கல்லூரியிற் கற்றது அங்குப் பயன்படாமை கண்டு, மலையூர் மக்களிடம் கல்லும் மண்ணும் சாணமும் கொண்டு கட்டும் முறையைக் கற்றார். கற்றவர் கல்லாதவரிடம் மாணாக்கராய் அமர்ந்த இச்செய்தி ஒன்றே அவர் பெருமைக்குப் போதும். பின்னர்த் திருவனந்தபுரத்தில் அவர் கட்டிய சுவர்களிற் செங்கலைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டார். எலிப்பொறிக் கட்டு எனப்படும் அம்முறையால் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செங்கல் மிஞ்சிற்று; வீடும் குளிர்ந்திருந்தது. அவர் 2007இல் மறைந்தார்.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. 2019 நவம்பரிற் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகும் வரை இம்மலை அடங்கியிருந்த விழுப்புரம் மாவட்டத்திலேயே, 1968இல் தோன்றிய ஆரோவில் உள்ளது. அங்குள்ள செம்மண்ணோடு நூற்றுக்கு ஐந்து பங்கு அளவிற் சிமெண்டு கலந்து, பொறியில் அழுத்திக் கல்லாக்கி, சூளையில் இடாமலே பதமாக்கிச் சுவர் எழுப்புகின்றனர். விறகு எரிவதில்லை. மேல்மண்ணை விலக்கி அடிமண்ணையே கொள்ளுதலின் பயிர்நிலம் கெடுவதில்லை. அங்ஙனம் கட்டிய வருவோர் நிலையம் 1992இல் அந்த ஹசன் பாத்தியின் பெயரால் அமைந்த விருதைப் பெற்றது. கல்வராயன் மலைச் செம்மண்ணைக் கொண்டு இங்குள்ளாரும் இம்முறையை ஆய்ந்து பார்த்தல் தகும். எல்லா மண்ணும் ஒரு தன்மையதன்று. மணலும் களியும் உள்ள அளவறிந்தே செய்தல் வேண்டும்.

திருப்பணி செய்வார் இவ்விடத்துச் சிறிது நின்று எண்ணுதல் வேண்டும். கடுக்காய்நீரும் வெல்லநீரும் விட்டு அரைத்த பழஞ்சுண்ணாம்பு, சுவரில் ஏறிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேற் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் சுதையும் செங்கலும் உதிரும். சிமெண்டினுள் இட்ட கம்பி துருவேறிப் பருத்துக் கட்டிடத்தையே பிளக்கும். கற்சுவரைத் தூய்மை செய்வதாக மணலை வீசியடித்தமையால் எழுத்து மழுங்கிய கல்வெட்டுக்கள் பல. பழங்கோயில்களைக் காக்கும் பொருட்டுச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் 7ஆம் நாள் 75 ஆணைகள் அடங்கிய தீர்ப்பை வழங்க நேர்ந்ததும் இத்தகைய கேடுகள் பெருகியமையாலேயே. பொருள் தந்தவர் அன்பிற் குறை ஒன்றும் இல்லை. பழையதை அறியாமையே குறை.

அங்ஙனமாயின் பழையதை மாற்றவே கூடாதோ எனின், அதுவும் நம் மரபன்று. கண்டராதித்த சோழரின் தேவியாராகிய செம்பியன் மாதேவியார் பத்தாம் நூற்றாண்டிற் செங்கற்கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக்கினார். மணிமுத்தாற்றங்கரைத் திருமுதுகுன்றமும் அவர் திருப்பணி பெற்றது. காவிரிக்கரைத் திருக்கோடிகாவில் அவ்வாறு கற்றளி எடுத்தபோது, பழைய கோயிலில் ஆங்காங்கே கற்களில் முன்னோர் கொடைகள் எழுதப்பட்டிருந்தன. அம்மையார் அவற்றைப் புறக்கணித்திலர். ஒவ்வொன்றையும் படியெடுத்துப் புதுச்சுவரில் வெட்டுவித்து, இது பழங்கல்லின் படி என்று குறிப்பும் பொறிக்கச் செய்தார். பல்லவர் காலத்தில் அங்கு விளக்குக்கும் பூசைக்கும் பொருள் வைத்தவர்தம் பெயர்களை இன்றும் அச்சுவரிற் படிக்கலாம்.